இந்த வீடா, அந்த வீடா? கேள்வி பதில்

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. கட்டடத்தைப் பார்த்து அதற்கு என்ன நோய் என்று சொல்வதுதான் என் வேலை. சுவர், கூரை, தண்ணீர், வெளிச்சம் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள், வட்டி விவரத்தை வங்கியில் கேளுங்கள். பத்து வருஷத்தில் விலை ஏறுமா என்பது ஜோசியம், எனக்கு வராது.

ஊசலாடி: ரெண்டு வீடு பார்த்திருக்கோம், விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒண்ணு பெரிசு, ஆனா வேலைக்குப் போக முக்கால் மணி நேரம் கூடுதல். இன்னொண்ணு சின்னது, பக்கத்திலேயே இருக்கு. மனசு பெரிசுலயே நிக்குது. எப்படி முடிவு பண்றது?

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் மாற்ற முடியாதவை, வலது பக்கம் காசு செலவழித்தால் மாறுபவை. பெயிண்ட், டைல்ஸ், சமையலறை மேடை, வயரிங், கழிப்பறைச் சாமான்கள் எல்லாம் வலது பக்கம். வீடு இருக்கும் இடம், வெயில் விழும் திசை, பக்கத்துச் சுவருக்கும் உங்கள் ஜன்னலுக்கும் உள்ள இடைவெளி, கூரையின் உயரம், வீட்டுத் தரை சாலையைவிட மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது, இவையெல்லாம் இடது பக்கம். முதலில் இடது பக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். பெரும்பாலானோர் வலது பக்கத்தைப் பார்த்து மயங்கித்தான் வீடு வாங்குகிறார்கள்.

முக்கால் மணி நேரம் என்பது போக வர ஒன்றரை மணி. வருஷத்துக்கு 240 வேலை நாள் என்று வைத்தால் 360 மணி நேரம், அதாவது முழுசாக 15 நாள். அது ஒரு ஆளுக்கு. இருவரும் வேலைக்குப் போனால் இரட்டிப்பு.

"பெரிசு" என்பதையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். உள்ளே 10-க்கு 10 அடி இருக்கும் அறையைச் சுற்றி 9 அங்குலச் சுவர் என்றால், வெளி அளவு 11½-க்கு 11½, சுமார் 132 சதுர அடி. அதில் 32 சதுர அடியைச் சுவரே தின்றுவிடுகிறது. ஒரு வீட்டுக்கு வெளி அளவையும் மற்றதற்கு உள் அளவையும் சொல்லியிருந்தால் உங்கள் ஒப்பீடே தப்பு. கதவுகளையும் எண்ணுங்கள். மூன்று கதவு உள்ள அறையில் பீரோவைச் சாத்த ஒரு முழுச் சுவர் மிஞ்சுவது கஷ்டம்.

மூணு பேர் குடும்பம்: ஒரு வீட்டில் அங்கங்கே விரிசல். இன்னொன்று புதுசாகப் பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று இருக்கிறது. இரண்டாவதுதானே பாதுகாப்பு?

அவசரப்படாதீர்கள். விரிசல் தெரிகிற வீடு உண்மையைச் சொல்கிறது. புதுப் பெயிண்ட் வீடு இன்னும் வாயைத் திறக்கவில்லை.

விரிசலில் பார்க்க வேண்டியது அது போகும் பாதை. பூச்சில் வலை போல மயிரிழையாக ஓடுவது பூச்சு காய்ந்து சுருங்கியதால் வந்தது, விட்டுவிடலாம். கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடினால், இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன என்று பொருள். பூச்சைக் கொத்தி, வலைக்கம்பி வைத்து மறுபடி பூசினால் சரியாகும். மேல்மாடியில் கூரைக்குச் சற்றுக் கீழே கிடையாக ஓடுவது பெரும்பாலும் கூரை வெயிலில் விரிந்து சுவரை இழுத்ததால் வருவது. வீடு அதனால் விழாது, ஆனால் மழைத் தண்ணீர் அந்த வழியாக உள்ளே வரும்.

பயப்பட வேண்டியவை இரண்டு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு படி இறங்குவது போலப் போய், ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒன்றுமில்லாமலும் முடிவது ஒன்று. அங்கே அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். பக்கத்தில் கதவு, ஜன்னல் இறுக்கிப் பிடித்தால் சந்தேகம் வலுக்கும். இன்னொன்று உத்தரத்தின் அடியில் கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக, பழுப்புக் கறையோடு வரும் விரிசல். உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அதனால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும்.

அகலம் பார்க்கக் கருவி தேவையில்லை. வங்கி அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. சுவர் விரிசலில் அட்டை நுழையாவிட்டால் மூச்சு விடலாம். சும்மா நுழைந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். 5 மி.மீ. தாண்டினால் கட்டுமானப் பொறியாளர் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பெயிண்ட் வீட்டுக்கு வருவோம். அலமாரிக்கு உள்ளே, பரணுக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால் பாருங்கள். பெயிண்டர் தூரிகை அங்கெல்லாம் போவதில்லை. சுவரின் அடியிலிருந்து மூன்றடி உயரம் வரை புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் ஈரம். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் தரையிலிருந்து ஏறியிருக்கலாம். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட விற்பவர் சம்மதித்தால் இன்னும் நல்லது. தாளின் அறைப்பக்கம் நீர் கோத்தால் அது காற்றிலுள்ள ஈரம், காற்றோட்டம் கொடுத்தால் போகும். சுவர்ப்பக்கம் கோத்தால் சுவரே ஈரம்.

எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மழை பெய்து முடிந்த மறுநாள் இரண்டு வீட்டையும் ஒரு முறை பாருங்கள்.

கணக்குப்புள்ள: இருபது அம்சத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டேன். முதல் வீடு 142, இரண்டாவது 139. முதல் வீட்டை எடுத்துடலாமா?

மூன்று மார்க் வித்தியாசம் உங்கள் அன்றைய மனநிலை. அந்தப் பட்டியலில் ஒழுகும் கூரையும் அலமாரி நிறமும் ஒரே எடை. அழகான சமையலறை பத்து மார்க் வாங்கி, இறங்கிய அஸ்திவாரத்தை மறைத்துவிடும்.

மார்க்கை விட்டுவிட்டுக் காசாக மாற்றுங்கள். முதல் வீட்டின் விலை 100 என்றும் இரண்டாவது 92 என்றும் வையுங்கள். இரண்டாவதுக்குக் கூரை நீர்க்காப்பு, வயரிங், குளியலறை என்று 11 ஆகுமானால் அதன் உண்மை விலை 103. வேலை முடியும்வரை இப்போதைய வீட்டுக்குக் கொடுக்கும் வாடகை தனி. இன்னொரு விஷயம்: ரிப்பேர் காசு பெரும்பாலும் கையிலிருந்துதான் போகும், வீட்டு விலை கடனில் வரும். கடனில் கூடும் ஒவ்வொரு லட்சத்துக்கும் 8% வட்டி, 20 வருஷம் என்றால் மாதம் சுமார் 836. கட்டி முடிக்கும்போது ஒரு லட்சம் இரண்டு லட்சமாகியிருக்கும்.

பழசே பொன்: 42 வருஷ வீடு ஒன்று, புது அடுக்ககத்தில் ஒன்று. எனக்குப் பழசுதான். அந்தக் காலத்துக் கான்கிரீட் கல் மாதிரி, வருஷம் ஏற ஏற கெட்டியாகும். சரிதானே?

பாதி சரி. கான்கிரீட் கெட்டியாவது உண்மை, ஆனால் வேகமெல்லாம் தொடக்கத்தில்தான். உங்கள் கூரையைத் தூக்கி நிறுத்துவது கான்கிரீட் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் கம்பியும்தான். கம்பியைத் துருவிலிருந்து காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. காற்றிலுள்ள கரியமில வாயு வெளியிலிருந்து மெல்ல உள்ளே நுழைந்து அந்தக் காரத்தைக் குறைக்கிறது. அது கம்பியைத் தொட்டபின் ஈரமும் சேர்ந்தால் துரு ஆரம்பம். கல் மாதிரி இருக்கும் கான்கிரீட்டுக்குள்ளும் கம்பி அரித்துப்போக முடியும்.

பழசே பொன்: அப்படியானால் பழைய வீடெல்லாம் இடிந்திருக்க வேண்டுமே? புதுசில்தான் ஆறு மாதத்தில் ஒழுகுகிறது.

இடியும் என்று யார் சொன்னது? வேகம் வீட்டுக்கு வீடு மாறும். காரம் போகும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கூடும். பத்து வருஷத்தில் 10 மி.மீ. போனால், 20 மி.மீ. போக நாற்பது வருஷம் வேண்டும். பூச்சு நன்றாக இருந்தால் இன்னும் தாமதம். வயதை வைத்து வாதாடாமல் அளந்து பார்க்கலாம். கான்கிரீட்டைச் சின்னதாகக் கொத்தி, தூசியைத் தட்டிவிட்டு, புதிதாக உடைந்த முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், போன இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத பட்டையை அளந்து, கம்பி இருக்கும் ஆழத்தோடு ஒப்பிட வேண்டியதுதான்.

புது அடுக்ககம் ஒழுகுவது பற்றி மறுப்பில்லை. அங்கே பார்க்க வேண்டியது உங்கள் குளியலறையை அல்ல, மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே உள்ள உங்கள் கூரையை.

கணக்குப்புள்ள: நடுவில் நுழைகிறேன். பழைய வீட்டில் சுவர் தடிமன் அதிகம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிட்டால் புது வீடு போலவே ஆகிவிடுமே?

சுத்தியலைக் கீழே வையுங்கள். தூண் இல்லாமல் சுவர் மேலேயே கூரை உட்கார்ந்திருக்கும் வீட்டில் அந்தச் சுவர்தான் தூண். எடுக்க வேண்டுமானால் பொறியாளர் கணக்குப் போட்டு, தற்காலிக முட்டு கொடுத்து, உத்தரம் ஏற்றி, பிறகுதான் சுவரை எடுக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டுங்கள். மாடியில் அதே இடத்தில் சுவர் தொடர்ந்தால் அநேகமாகச் சுமை தாங்கும் சுவர்தான். மெல்லிய சுவர் என்பதால் சுமை இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள்.

பழசே பொன்: அதாவது தடிமன் சுவர் நல்லதுதான் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஒப்புக்கொள்கிறேன். சத்தம் குறையும், வெயில் உள்ளே வரத் தாமதமாகும். இரவில் அதே சூட்டை உள்ளே விடும் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

படிக்கட்டு: அம்மா அப்பா எழுபதைத் தாண்டியவர்கள், எங்களோடுதான் இருப்பார்கள். ஒன்று மாடி வீடு, படுக்கையறை எல்லாம் மேலே. இன்னொன்று ஒரே தளம், ஆனால் அறைகள் சின்னவை.

ஒரே தளம். மாடி வீட்டில் தரைத்தளத்திலேயே ஒரு படுக்கையறையும் குளியலறையும் அமைக்க இடம் இருந்தால் மட்டும் மறுபடி யோசிக்கலாம். எந்த வீடானாலும் குளியலறைக் கதவைத் திறந்து நடமாடும் இடைவெளியை அளங்கள். சக்கர நாற்காலி நுழைய 80 செ.மீ. வேண்டும், பல வீடுகளில் அந்தக் கதவுதான் எல்லாவற்றிலும் குறுகல். படிகளை ஒவ்வொன்றாக அளங்கள். எல்லாம் 7 அங்குலமாக இருந்து கடைசிப் படி மட்டும் 8 என்றால் அங்கேதான் கால் தடுக்கும்.

ஷவர் பிரியன்: மேல்தளத்து வீடு பிடித்திருக்கிறது. தண்ணீர் வேகம் எப்படிச் சோதிப்பது?

10 லிட்டர் வாளி, கையில் கடிகாரம். ஒரு நிமிஷத்தில் நிரம்பினால் ஷவருக்குப் போதும். பிறகு சமையலறைக் குழாயையும் திறந்துவிட்டு மறுபடி பிடியுங்கள், அங்கேதான் குட்டு வெளிப்படும். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் ஷவரைவிட 3 மீட்டர் உயரம் என்றால் கிடைப்பது 0.3 பார் அழுத்தம்தான். 10 மீட்டருக்குத்தான் ஒரு பார். மேல்தளத்துக்குத் தொட்டி பக்கத்தில் இருப்பதே கஷ்டம். பம்ப் போட்டால் தீரும், ஆகவே வலது பக்கத்தில் எழுதுங்கள்.

மேற்கு வாசல்: ஒரு வீட்டின் படுக்கையறை மேற்கே, மற்றதில் கிழக்கே. பெரிய வித்தியாசமா?

வெயில் கடுமையான இடமென்றால் ஆமாம். மாலை வெயில் தாழ்வாக வந்து நேரே சுவரில் அடிக்கும், மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடு அதைத் தடுக்காது. பிற்பகல் நான்கு மணிக்குப் போய்ச் சுவரின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்.

புதுமனை: தனி வீடா, அடுக்ககமா, எது நல்லது?

எந்தத் தனி வீடு, எந்த அடுக்ககம்? இரண்டு வீட்டின் விவரமும் இல்லாமல் பதில் இல்லை.

இருமனம்: நாங்களும் தனி வீடு, அடுக்ககம் குழப்பத்தில்தான். பொதுவாகச் சொல்லுங்களேன்.

பொதுவாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேலே போய் ஊசலாடிக்கு எழுதியதைப் படியுங்கள்.

அவசரம்: விற்பவர் இன்று ராத்திரிக்குள் முன்பணம் கேட்கிறார். வேறு ஆள் தயாராக இருக்கிறாராம். மற்ற வீட்டை இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை.

கொடுக்காதீர்கள். மழைக்கு மறுநாள் பார்த்தீர்களா? இல்லையல்லவா.

அவசரம்: இப்போது மழைக்காலமே இல்லையே.

அப்படியானால் மொட்டைமாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேர வேலை. அதற்குக்கூட விடமாட்டேன் என்கிறாரா? அதுவே பதில்.

பழசே பொன்: பொறியாளர் அறிக்கை ஏற்கெனவே கையில் இருக்கிறது, சொல்ல மறந்துவிட்டேன். கூடத்துக் கூரையில் நிறம் மாறாத பட்டை 12 மி.மீ., கம்பி 22-ல். சன்ஷேட்டில் பட்டை 15, கம்பி 12-ல்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வாதம் மிச்சம். கூடம் உங்கள் கட்சி: 42 வருஷத்தில் 12 மி.மீ. என்றால், இதே போக்கில் 22-ஐத் தொட இன்னும் சுமார் நூறு வருஷம் ஆகும். ஓரிடத்து அளவுதான், இன்னும் இரண்டு மூன்று இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். சன்ஷேடு என் கட்சி. அங்கே காரம் போன பட்டை கம்பியைத் தாண்டிவிட்டது, நனைந்து காய்ந்து நனைந்து துருவுக்குத் தோதான இடம் வேறு. எல்லா சன்ஷேட்டையும் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிக்கும் இடங்களைக் குறித்து, கொத்தித் திரும்பக் கட்டும் செலவுக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அந்தத் தொகையை விலையில் குறைக்கக் கேளுங்கள். தட்டும்போது நேர் கீழே யாரும் நிற்க வேண்டாம்.