சும்மா இருக்கும்போதும் ஓயாத ஹார்ட் டிஸ்க்: புது கம்ப்யூட்டர் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயி நான். பசுந்தேயிலைக் கணக்குக்கும் மகள் படிப்புக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான். விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ராத்திரி ஒரு மணி நேரம்தான் போடுவோம். எதையும் திறக்காமல் வைத்திருந்தாலும் முன்பக்கச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. உள்ளே கரகரவென்று சத்தம். சர்வீஸ் கடையில், "மலைக்காற்றுக்கு ஹார்ட் டிஸ்க் தாங்காது, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம் ஐயா. முதலில் ஒரு பென்டிரைவில் கணக்குக் கோப்புகளையும் மகளின் பாடங்களையும் நகல் எடுத்துவிடுங்கள். கோளாறு என்னவென்று தெரிவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. டிஸ்க் கெட்டால் வேறு வாங்கலாம். மூன்று வருடக் கணக்கு போனால் போனதுதான்.

மலைக்காற்று என்ற பேச்சை முதலில் தீர்த்துவிடுவோம். ஹார்ட் டிஸ்க்குக்குள் சுழலும் வட்டின் மேல், எழுதிப் படிக்கும் முனை மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று லேசாகும், மிதப்பு குறையும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் உயர வரம்பு ஒன்றைக் குறிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் அது 10,000 அடி, அதாவது 3,048 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். கோத்தகிரி அதைவிட எவ்வளவோ கீழே. உயரத்தைக் காரணம் காட்டி யாரும் உங்களிடம் புது கம்ப்யூட்டர் விற்க வேண்டியதில்லை. மலையில் டிஸ்க்குக்கு உண்மையான எதிரி மழைக்கால மின்வெட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் போவது அதற்கு நல்லதல்ல. யூபிஎஸ் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

இனி விளக்குக்கு வருவோம். நாம் சும்மா இருக்கும் நேரம்தான் விண்டோஸுக்கு வேலை நேரம். வைரஸ் சோதனை, அப்டேட், கோப்புகளுக்கு அட்டவணை போடுவது, டிஸ்க்கை ஒழுங்குபடுத்துவது எல்லாவற்றையும் அது "தானியங்கிப் பராமரிப்பு" என்ற பெயரில் இரவு 2 மணி வாக்கில் செய்யப் பார்க்கும். அப்போது கம்ப்யூட்டர் அணைந்திருந்தால், அடுத்து நீங்கள் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் போடுவதே ஒரு மணி நேரம். ஒரு நாள் வேலை முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தில் முண்டியடிக்கிறது. முடியுமுன் நீங்கள் அணைத்துவிடுகிறீர்கள். மறுநாள் விட்ட குறை தொடர்கிறது.

குன்னூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இதே புகாருக்காகப் போய் உட்கார்ந்தேன். மவுஸை அசைத்தால் சத்தம் நின்றது. கையை எடுத்து நாலைந்து நிமிடம் ஆனதும் மறுபடி கரகர. அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது. முந்தைய வாரம் ஒரு கல்யாணத்தின் படங்கள் அத்தனையும் ஏற்றியிருந்தார்கள். அட்டவணை போடும் வேலை முடியவே இல்லை. அன்று ராத்திரி முழுக்க ஓடவிட்டோம், காலையில் விளக்கு அடங்கியிருந்தது. நீங்களும் ஒரு விடுமுறை நாளில், கம்ப்யூட்டர் தூங்கப் போகாதபடி அமைத்துவிட்டு, நாலைந்து மணி நேரம் தொடாமல் விட்டுப் பாருங்கள்.

அடங்கவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். "டிஸ்க்" என்ற தலைப்பைச் சொடுக்கினால், டிஸ்க்கை அதிகம் பிடித்திருப்பவர் மேலே வந்து நிற்பார். "ஆன்டிமால்வேர் சர்வீஸ்" என்றிருந்தால் வைரஸ் சோதனை, "சர்ச் இண்டெக்ஸர்" என்றால் அட்டவணை. இரண்டும் தானாக முடியக்கூடியவை. பிரவுசரைத் திறந்ததும்தான் ஆட்டம் கூடுகிறது என்றால் குற்றவாளி 4 ஜிபி ரேம். இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கையே தற்காலிக நினைவகமாக்கி மாற்றி மாற்றி எழுதுகிறது. "வேகப்படுத்தித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை மட்டும் தயவுசெய்து ஏற்றாதீர்கள். அவையும் சேர்ந்து டிஸ்க்கைச் சுரண்டும்.

அதே டாஸ்க் மேனேஜரில் "பெர்ஃபார்மன்ஸ்" பக்கத்தில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். இதைக் கவனமாகப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டி, வேகமும் நொடிக்குப் பல எம்பி ஓடினால் அது உழைக்கிற டிஸ்க். 100 சதவீதம் காட்டியும் வேகம் சில கேபிதான், பதில் தரும் நேரம் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மில்லிசெகண்ட் என்றால் அது நோயாளி. ஒரே இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று சந்தேகப்படலாம். உறுதிசெய்ய கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் 05, சி5 (C5) என்ற இரண்டு வரிகள் டிஸ்க்கில் கெட்டுப்போன, கெடுவதாகச் சந்தேகப்படும் இடங்களின் கணக்கு. அவற்றின் கடைசி எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். "டக், டக்" என்று தட்டும் சத்தம் கேட்டால் எந்தச் சோதனையும் வேண்டாம், அணைத்துவிடுங்கள்.

வாங்குவதென்றாலும் முழு கம்ப்யூட்டர் வேண்டாம். 500 ஜிபி அளவில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதே இணைப்பில் மாட்டும், சுழலும் வட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்), கூடவே இன்னொரு 4 ஜிபி ரேம். ஏழு வருட கம்ப்யூட்டரும் புதிதுபோல் எழுந்து நிற்கும். ஆனால் ஒன்று: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் புராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையா, அதற்குப் பிந்தையதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏறும். அதற்கு முந்தையது என்றால் எஸ்எஸ்டியை மட்டும் வாங்குங்கள். நாளைக்கு வேறு கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதிலும் மாட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: கூடலூரில் புதுசு என்று சொல்லி விற்ற ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தபோது, ஓடிய நேரம் 14,000 மணி என்று காட்டுகிறது. கடைக்காரர் திருப்பி வாங்க மறுக்கிறார். பில்லும் தரவில்லை. என்ன செய்வது?

பதில்: 14,000 மணி என்றால் இரவு பகலாக ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடிய டிஸ்க். புது டிஸ்க்கில் அந்த எண் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். பழையதைப் புதியதென்று விற்பதும், பில் தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகமுறை. அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள், டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள வரிசை எண்ணும் தெரிய வேண்டும். பணம் ஜிபேயிலோ வங்கி வழியாகவோ போயிருந்தால் அதுவே வாங்கியதற்குச் சாட்சி. கடைக்காரருக்குக் கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். வாங்கிய இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும், அதுவரை அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல் அப்படியே வைத்திருங்கள்.