ஹெட்செட் கன்வெர்ட்டர்: இரண்டு முனையையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்

ஹெட்செட் பின், கன்வெர்ட்டர், ஒரு பக்கம் இரண்டாகப் பிரியும் ஒய் கேபிள் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. சின்னப் பொருள்தான். ஆனால் தப்பாக வாங்கிவிட்டால் மாற்றுவதற்கு அரை நாள் போய்விடுகிறது. ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விதான் அதிகம் பேருக்கு இருக்கும் சிக்கல், அதனால் அதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

கேள்வி: மகள் தர்மபுரியில் கல்லூரியில் படிக்கிறாள். புதிதாக வாங்கிய போனில் வட்டமான ஹெட்செட் ஓட்டை இல்லை. அதனால் பேருந்து நிலையம் பக்கத்துக் கடையில் 80 ரூபாய்க்கு ஒரு டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கினோம். அதைப் போட்டாலும் சத்தம் போன் ஸ்பீக்கரிலேயே வருகிறது, ஹெட்செட்டில் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பக் கொண்டுபோனால் கடைக்காரர் தன் போனில் போட்டுக் காட்டினார், பாட்டு நன்றாகக் கேட்டது. “உங்க போன்லதான் கோளாறு” என்கிறார். இன்னொரு கடையில் இதே மாதிரி ஒன்றுக்கு 450 ரூபாய் சொல்கிறார்கள். எதை நம்புவது? (பென்னாகரம் வாசகி)

பதில்: அம்மா, உங்கள் போனிலும் கோளாறு இருக்க வாய்ப்பில்லை, கடைக்காரர் காட்டியதும் பொய்யில்லை. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வேறு பொருள்கள் இவை. ஒன்றில் உள்ளே வெறும் கம்பி மட்டும் இருக்கும். இன்னொன்றில் ஒரு சின்ன சிப் இருக்கும்.

போனுக்குள் பாட்டு எண்களாகத்தான் இருக்கிறது. ஹெட்செட்டில் இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கு எண் புரியாது. ஏறி இறங்கும் மின்சாரம் வந்தால்தான் அது அதிரும். எண்ணை மின்சாரமாக மாற்றும் சிப்புக்கு டிஏசி என்று பெயர். வட்ட ஓட்டை இருந்த காலத்தில் அந்த வேலையைப் போனே செய்துவிட்டது. ஓட்டையை எடுத்த பிறகு கம்பெனிகள் இரண்டு வழியில் பிரிந்தன. சில போன்கள் பழையபடி உள்ளேயே மாற்றி, அதை டைப்-சி ஓட்டை வழியாக அனுப்பும். அவற்றுக்கு வெறும் கம்பி கன்வெர்ட்டர் போதும், கடைக்காரர் கையில் இருந்தது அப்படி ஒரு போனாக இருக்க வேண்டும். மற்ற போன்கள் எண்களை அப்படியே வெளியே விடும். அவற்றுக்குச் சிப் உள்ள கன்வெர்ட்டர்தான் வேண்டும். 2017-இல் வந்த கூகுளின் பிக்சல் 2 முதல் ஓட்டை இல்லாத பிக்சல் போன்கள், 2019-இல் நோட் 10 வந்ததிலிருந்து ஓட்டை இல்லாத சாம்சங் கேலக்ஸி போன்கள், 2023-இல் டைப்-சிக்கு மாறிய ஐபோன் 15, அதற்குப் பின் வந்த ஐபோன்கள் எல்லாம் இந்த வகை.

சிப் உள்ளது பெரும்பாலும் இரண்டு வகைப் போனிலும் வேலை செய்யும். அதனால் எந்த வகைப் போன் என்று தெரியாவிட்டால் சிப் உள்ளதையே வாங்குங்கள். இந்த விஷயத்தில் விலை குறைந்ததை வாங்கிப் பார்ப்போம் என்று தொடங்குவது வீண் செலவு. பெட்டியில் டிஏசி என்றோ, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்பது போலவோ அச்சிட்டிருந்தால் சிப் இருக்கிறது என்று அர்த்தம். அதற்காக 450 ரூபாய் சொன்னதாலேயே உள்ளே சிப் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். விலையை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

மகளிடம் டைப்-சி ஓட்டை உள்ள லேப்டாப் இருந்தால் அதில் சோதிக்கலாம். கன்வெர்ட்டரையும் ஹெட்செட்டையும் சேர்த்துச் செருகிவிட்டு, சவுண்ட் செட்டிங்ஸ் பட்டியலைப் பாருங்கள். புதிதாக ஒரு பெயர் வந்தால் சிப் உள்ளது. ஒன்றும் வராவிட்டால் பெரும்பாலும் வெறும் கம்பிதான்.

இன்னொன்றும் நடக்கும். சிப் உள்ளதை வாங்கியும் சத்தம் வராது. சில கம்பெனிப் போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜி என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆன் செய்தால்தான் வெளியிலிருந்து செருகும் பொருளுக்குப் போன் மின்சாரம் கொடுக்கும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அது தானாகவே ஆஃப் ஆகிவிடுவதும் உண்டு. கன்வெர்ட்டரைக் குறை சொல்லும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஐபோனுக்கென்று விற்கும் டைப்-சி கன்வெர்ட்டரைச் சில ஆண்ட்ராய்டு போன்களில் போட்டால் சத்தம் மிகக் குறைவாக வரும், அதையும் மனதில் வையுங்கள்.

பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான். ஆனாலும் போய் வர அரை நாள் ஆகிவிடும். அதனால் அடுத்த முறை மகளின் போனையும் அவள் தினமும் போடும் ஹெட்செட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். கடையிலேயே செருகி, ஒரு பாட்டுக் கேட்டு, ஒரு கால் போட்டுப் பேசிப் பாருங்கள். மைக்கும் வேலை செய்கிறதா என்று பேசினால்தான் தெரியும். அதன் பிறகு பில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு கீபோர்டு வகுப்பு. வீட்டில் ராத்திரி வாசித்தால் எல்லோருக்கும் தொந்தரவு என்று ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். கீபோர்டில் இருப்பது பெரிய ஓட்டை, ஹெட்போனில் சின்ன பின். அதற்கு ஒரு பெரிய பின் வாங்கி மாட்டினால் இடது காதில் மட்டும் கேட்கிறது. ஹெட்போன் போய்விட்டதா? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: அதே ஹெட்போனை ஒரு போனில் மாட்டிப் பாருங்கள். இரண்டு காதிலும் கேட்டால் ஹெட்போன் நன்றாக இருக்கிறது, வாங்கிய பெரிய பின்தான் தப்பு.

பின்னைக் கையில் எடுத்து அதன் மேல் ஓடும் கருப்பு வளையங்களை எண்ணுங்கள். ஒரு வளையம் என்றால் மோனோ. கிடாருக்கு வரும் வயர் அப்படித்தான் இருக்கும். இரண்டு வளையம் என்றால் ஸ்டீரியோ, இடது வலது இரண்டும் தனித்தனியாகப் போகும். மூன்று வளையம் என்றால் ஸ்டீரியோவோடு மைக்கும் சேர்ந்தது. உங்களுக்கு வேண்டியது 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின், அதாவது இரண்டு வளையம் உள்ளது. மறுமுனையில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பதில் ஒரே வளையம் இருக்கும் என்றே நினைக்கிறேன். இரண்டு வளையம் இருந்தும் ஒரு காதில்தான் கேட்கிறது என்றால், சின்ன பின்னை உள்ளே கடைசி வரை அழுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இந்தப் பெரிய பின்னுக்கு வயது நூறுக்கும் மேல். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் ஒரு லைனை இன்னொரு லைனோடு இணைக்கக் கையால் பிடுங்கிச் செருகிய பின் இதுதான். கால் அங்குல அளவு இன்றுவரை மாறவில்லை. அவ்வளவு உறுதியான வடிவம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கட்டையாக, ஒரே துண்டாக வரும் கன்வெர்ட்டரை விட, நடுவில் ஒரு சாண் வயர் உள்ளதை வாங்குங்கள். கட்டையானது கீபோர்டின் பின்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். பையன் எழும்போது முழங்கை பட்டாலோ, கீபோர்டைச் சுவர் ஓரம் தள்ளினாலோ முழு அழுத்தமும் கீபோர்டின் உள்ளே இருக்கும் ஜாக் மேல்தான், அதாவது பின்னைப் பிடித்துக்கொள்ளும் ஓட்டை மேல்தான் விழும். பின் உடைந்தால் பரவாயில்லை. ஜாக் தளர்ந்துவிட்டால் கீபோர்டைத் திறந்து பார்க்க ஆள் தேட வேண்டும்.

கேள்வி: நான் பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். டெஸ்க்டாப்பில் பச்சை ஓட்டை ஒன்று, ரோஸ் ஓட்டை ஒன்று இருக்கிறது. என் ஹெட்செட்டுக்கு ஒரே பின். பச்சையில் போட்டால் எனக்குக் கேட்கிறது, ஆனால் மீட்டிங்கில் நான் பேசுவது யாருக்கும் கேட்பதில்லை. ஒய் கேபிள் வாங்கியும் அதே கதை. (ஓசூர் வாசகர்)

பதில்: கடையில் ஒய் கேபிள் என்று கேட்டால் மூன்று விதமான பொருள் வரும். ஒன்று, ஒரே போனில் இரண்டு பேர் பாட்டுக் கேட்க. அதில் செருகும் பின் ஒன்று, துளை இரண்டு. இன்னொன்று, ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனி பின் உள்ள பழைய ஹெட்செட்டை லேப்டாப்பின் ஒற்றை ஓட்டையில் மாட்ட. அதிலும் பின் ஒன்று, துளை இரண்டுதான். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. செருகும் பின் இரண்டு, துளை ஒன்று. அந்தத் துளை மூன்று வளைய பின்னை ஏற்பதாக இருக்க வேண்டும். ஒரு பின்னில் ஹெட்போன் படமும், இன்னொரு பின்னில் மைக் படமும் அச்சிட்டிருக்கும். ஹெட்போன் படம் பச்சையில், மைக் படம் ரோஸில்.

பின் எத்தனை, துளை எத்தனை என்று சொல்லிக் கேளுங்கள், பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். நானும் ஒருமுறை ஒய் கேபிள் என்று மட்டும் கேட்டு, பாட்டுக் கேட்கும் வகையை வாங்கி வந்து ஒரு முழு மாலை கம்ப்யூட்டர் செட்டிங்ஸை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். தினமும் மீட்டிங் இருக்கிறவர் என்றால் யூஎஸ்பியில் செருகும் சின்ன சவுண்ட் கார்டு இன்னும் நிம்மதி. டெஸ்க்டாப்பின் ஆடியோ ஓட்டைகளையே அது நம்பி இருக்காது.

கேள்வி: பழைய ஹெட்செட்டை இப்போதைய போனில் போட்டால் மேளம், வயலின் எல்லாம் கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருப்பது போல் இருக்கிறது. வயரில் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் சரியாகிறது. (அரூர் வாசகர்)

பதில்: பட்டனைக் குறிப்பிட்டது நல்லதாகப் போயிற்று. மூன்று வளைய பின்னில் மைக்கும், மின்சாரம் திரும்பிப் போகும் பொதுவான எர்த்தும் எந்த இடத்தில் வரும் என்பதில் இரண்டு முறைகள் உண்டு. இப்போது எல்லாப் போனிலும் இருப்பது சிடிஐஏ. பழைய நோக்கியா போன்ற சில போன்களில் இருந்தது ஓஎம்டிபி. அதில் மைக்கும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். மாற்றிப் போட்டால் ஸ்பீக்கருக்குச் சரியான எர்த் கிடைக்காது. அப்போது இடது வலது இரண்டிலும் பொதுவாக இருக்கும் சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாட்டில் குரலை நடுவில்தான் வைப்பார்கள், அதனால் குரல் காணாமல் போகிறது. பட்டன் மைக் வயரையும் எர்த்தையும் இணைத்துவிடுவதால் அழுத்தும்போது மட்டும் சரியாகிறது.

இடம் மாற்றிக் கொடுக்கும் குட்டி கன்வெர்ட்டர் இருக்கிறது. ஓஎம்டிபியிலிருந்து சிடிஐஏ என்று கேளுங்கள். அதற்கு முன் போனின் பின் கவரைக் கழற்றிவிட்டு ஒருமுறை செருகிப் பாருங்கள். தடித்த கவர் தடுத்துப் பின் முழுசாக உள்ளே போகாவிட்டாலும் இதே மாதிரி கேட்கும்.

கேள்வி: வாங்கி மூன்றாம் நாளே கன்வெர்ட்டரில் ஒரு பக்கம் கேட்கவில்லை. “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று போர்டைக் காட்டுகிறார்கள். பில்லும் தரவில்லை. (காரிமங்கலம் வாசகர்)

பதில்: போர்டு எழுதி வைத்தால் சட்டம் மாறிவிடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். இதைக் கோபப்படாமல் கடைக்காரரிடம் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலும் பேசலாம். யூபிஐயில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள், பில் இல்லாத இடத்தில் அதுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லாமல் புகார் கொடுக்கலாம், ஆனால் இவ்வளவு சின்னத் தொகைக்கு 1915-லேயே தொடங்குங்கள்.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பழுதானது வேறு, உங்கள் போனுக்குப் பொருந்தாதது வேறு. பென்னாகரம் வாசகியின் கன்வெர்ட்டர் பழுதானதில்லை, அதனால் இந்த விதியை அப்படியே காட்ட முடியாது. ஆனால் அட்டையில் “எல்லா டைப்-சி போனுக்கும்” என்று போட்டிருந்தால் அது தவறான விளம்பரம், அதைச் சொல்லித் திருப்பிக் கேட்கலாம். அதனால் அட்டையைக் குப்பையில் போடாமல் வையுங்கள். அதில் அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, புகார் சொல்ல எண் எல்லாம் இருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் கன்வெர்ட்டரில் இவை எதுவும் இருக்காது. பழுதானால் யாரைக் கேட்பது என்றே தெரியாது. பத்து இருபது ரூபாய் கூடப் போனாலும் அட்டையோடு வருவதை வாங்குங்கள்.