ஒப்பிக்கிறானா, வாசிக்கிறானா? பள்ளி திறந்த ஆறு வாரத்தில் வந்த கேள்விகளும் ஒரு டீச்சரின் பதில்களும்

அரசுத் தொடக்கப் பள்ளியில் 23 ஆண்டுகளாக இருக்கிறேன். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வரைதான் எடுத்திருக்கிறேன். தமிழும் கணக்கும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்தப் பள்ளி நல்லது, ஃபீஸ் எவ்வளவு என்பதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை.

ஒன்றாம் வகுப்புப் பையனின் அம்மா, ஓசூர்: டீச்சர், ஆறு வாரமாகியும் கணக்கு நோட்டில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. கேட்டால் “மேலே கீழே, உள்ளே வெளியே விளையாடினோம்” என்கிறான். கணக்கு எப்போது ஆரம்பிப்பார்கள்?

ஆரம்பித்து ஆறு வாரமாகிவிட்டது, அம்மா. நோட்டில்தான் இல்லை.

உங்கள் பையனை ஒன்று முதல் இருபது வரை சொல்லச் சொன்னால் கடகடவென்று சொல்லுவான். அது பாட்டு. எண்ணத் தெரியுமா என்று பார்க்க வேண்டுமென்றால் ஏழு புளியங்கொட்டையை அவன் முன்னால் போடுங்கள். விரல் ஒரு பக்கம் ஓடும், வாய் இன்னொரு பக்கம் ஓடும். “ஏ-ழு” என்று இழுத்து ஒரே எண்ணுக்கு இரண்டு கொட்டையைத் தள்ளிவிடுவான். எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பெரியவர்களுக்குச் சாதாரணம், ஐந்து வயதுக்கு அது ஒரு கண்டுபிடிப்பு.

அதையும் சரியாகச் சொல்லிவிட்டான் என்று வையுங்கள். அவன் கண் முன்னாலேயே அதே ஏழு கொட்டையைத் தள்ளித் தள்ளி நீளமாகப் பரப்பி, இப்போது எத்தனை என்று கேளுங்கள். போன வாரம் என் வகுப்பில் ஒரு பெண் கொஞ்சமும் யோசிக்காமல், “இப்ப நிறைய ஆயிடுச்சு டீச்சர்” என்றாள். பரப்பினாலும் குவித்தாலும் ஏழு ஏழுதான் என்று குழந்தைக்குப் புரிவதற்கு வயதும் பழக்கமும் வேண்டும் என்பதை ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் இதே மாதிரிச் சோதனைகளில் காட்டினார்.

இது பிடிபடாமல் “4 + 3” என்று நோட்டில் எழுதி என்ன பயன்? பெரியது-சிறியது, கூட-குறைய, ஒரு தட்டுக்கு ஒரு டம்ளர் என்று பொருத்துவது எல்லாம் இதற்கான அடித்தளம். நான் ஒன்பது வரை பொருளை வைத்து எண்ணவைத்த பிறகுதான் பூஜ்ஜியத்தை எடுப்பேன். தட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால், காலித் தட்டுக்கு என்ன எழுதுவது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

இரண்டாம் வகுப்புப் பெண்ணின் அப்பா, தருமபுரி: வீட்டில் தமிழ்ப் புத்தகத்தை மளமளவென்று படிக்கிறாள். வகுப்பு ஆசிரியையோ “இன்னும் வாசிக்க வரவில்லை” என்கிறார். யார் சொல்வது சரி?

பெரும்பாலும் டீச்சர் சொல்வதுதான். கோபப்படாமல் இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்தில் இருக்கும் படத்தை உள்ளங்கையால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதே பக்கத்தில் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்ன?” என்று கேளுங்கள்.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். பக்கம் முழுவதும் விரல் வைத்து அழகாகப் படித்தான். உற்றுப் பார்த்தால் வாய் ஐந்தாவது வரியில், விரல் மூன்றாவது வரியில். வகுப்பில் கேட்டுக் கேட்டே மனப்பாடம். இன்னொருத்தி “பசு” என்று எழுதியிருப்பதை “மாடு” என்று படித்தாள். படத்தைப் படித்திருக்கிறாள், எழுத்தை இல்லை.

கெட்டிக்காரக் குழந்தைகள்தான் இப்படி ஏமாற்றுவார்கள், திட்டாதீர்கள். அவளுக்குத் தெரிந்த எழுத்துகளை வைத்தே புத்தகத்தில் இல்லாத சொற்களை எழுதிக் கொடுங்கள். பேரீச்சை பாக்கெட், பஸ் போர்டு, கடைப் பலகை எதுவானாலும் சரி. துணைக்கால் வரை நன்றாக வந்துவிடும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்புகள் வரும்போது தடுமாறுவாள், ஏனென்றால் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. “மௌனம்” என்பதை “மெளனம்” என்று ளகரம் போட்டு வாசிக்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரு அம்மா, திருப்பூர்: பக்கத்து வீட்டுப் பையன் 100 வரை சொல்கிறான், என் மகன் 20-ஐத் தாண்டவில்லை.

சொல்லட்டும். முதல் பதிலில் இருக்கும் புளியங்கொட்டையை இரண்டு பேருக்கும் வைத்துப் பாருங்கள்.

ஒன்றாம் வகுப்புப் பெண்ணின் பாட்டி, சிதம்பரம்: அ, ஆ சொல்லித்தராமல் ட, ப, ம என்று ஆரம்பிக்கிறார்களே, இது என்ன முறை?

கைக்கு எளிதான எழுத்திலிருந்து போகும் முறை, அம்மா. “ட” இரண்டே கோடு. அதன் வலப்பக்கம் ஒரு கோடு நிறுத்தினால் “ப”. “அ” எழுத சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், குறுக்கே இழுக்க வேண்டும், கடைசியில் நேர்கோடு வேறு. பென்சில் பிடிக்கவே பழகாத விரலுக்கு அது மலை. அதோடு ட, ப, ம மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல்லை அந்த வாரமே வாசித்துவிடலாம். துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா. “எனக்குப் படிக்க வருது” என்று குழந்தை நம்ப ஆரம்பிப்பது அங்கேதான்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்: டீச்சரம்மா, இதை ஏற்க முடியாது. “எழுத்தெனப் படுப அகரமுதல் னகர இறுவாய்” என்று தொல்காப்பியம் தொடங்குகிறது. ஔவையார் ஆத்திசூடியை அறம், ஆறுவது, இயல்வது என்று அகர வரிசையில் பாடினார். அகராதி பார்க்கவும் வரிசைதான் வேண்டும். இரண்டாயிரம் ஆண்டு வழக்கத்தைக் கோடு எளிது என்று மாற்றுவதா?

ஐயா, வணக்கம். வரிசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆத்திசூடி என் வகுப்பிலும் முதல் நாளிலிருந்தே உண்டு, வாயால். காதுக்கு அகர வரிசை, கைக்கும் கண்ணுக்கும் ட, ப, ம. தொல்காப்பியர் முப்பது எழுத்தை வரிசைப்படுத்தியது மொழி தெரிந்தவருக்கு இலக்கணம் சொல்ல. பென்சிலைத் தலைகீழாகப் பிடிக்கும் ஐந்து வயதை அவர் மனதில் வைத்திருக்க மாட்டார். சரி, அ, ஆ, இ, ஈ நான்கும் தெரிந்த பிள்ளை எந்தச் சொல்லை வாசிக்கும்?

அதே ஐயா: நன்றாகக் கேட்டீர்கள்! “ஆ” என்றால் பசு. “ஈ” என்றால் ஈ. நன்னூல் ஓரெழுத்து ஒருமொழி 42 என்கிறது, அதில் ஆறு உயிரெழுத்துகள். ஊ, ஏ, ஐ, ஓ எல்லாமே சொற்கள்தாம்.

மாட்டிக்கொண்டேன். “ஈ”யை ஒப்புக்கொள்கிறேன், என் வகுப்பில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் “ஊ” என்றால் இறைச்சி, “ஏ” என்றால் அம்பு என்று ஒன்றாம் வகுப்பில் போய்ச் சொல்லுங்கள். “ஏ” என்றால் பின் பெஞ்சிலிருந்து ஒருவன் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான்.

இளம் அப்பா, சென்னை: ஐயா சொல்வது சரி என்றே படுகிறது. என் பையனுக்கு ட, ப, ம தெரியும், ஆனால் “உ” எங்கே வரும் என்று தெரியவில்லை.

ஒன்றாம் வகுப்பு ஜூலையில் தெரிய வேண்டியதில்லை. அகராதி புரட்டும் வயதில் தெரிந்தால் போதும்.

அதே ஐயா: வரிசை மனதில் நின்றால்தான் க, கா, கி, கீ என்ற உயிர்மெய் வரிசை பிறக்கும். 216 எழுத்தையும் தனித்தனியாகவா மனப்பாடம் செய்வார்கள்?

இந்த இடத்தில் நாம் இருவரும் ஒரே கட்சி, ஐயா. தனித்தனியாக வேண்டவே வேண்டாம். துணைக்கால், கொக்கி, கொம்பு என்று குறியின் வேலை புரிந்தால் ஒரு வரிசையைக் கொண்டு மற்றதைக் கட்டிவிடலாம். முரண்டு பிடிப்பது உகர, ஊகார வரிசைதான். கு, சு, டு, து, மு எல்லாம் ஆளுக்கொரு வடிவம். அதற்கு மட்டும் நான் தனியாகச் சில வாரம் ஒதுக்குவேன். இதைப் பற்றி ராத்திரி முழுவதும் பேசலாம், ஆனால் கேள்விகள் காத்திருக்கின்றன.

ஆங்கில வழி ஒன்றாம் வகுப்பு, கோவை: “தேர்ட்டீன்” என்று சொன்னால் 31 என்று எழுதுகிறாள். “தேர்ட்டி”யோடும் குழப்பிக்கொள்கிறாள்.

குற்றம் அவளுடையது இல்லை. ஆங்கிலத்தில் பதிமூன்றிலிருந்து பத்தொன்பது வரை ஒன்றின் இலக்கம் முதலில் ஒலிக்கிறது, அவள் கேட்டபடியே எழுதுகிறாள். தமிழில் “பதின்-மூன்று”, பத்து முன்னால், மூன்று பின்னால், எழுதும் வரிசையும் அதுவே. வீட்டில் தமிழில் எண்ணிப் பழக்குங்கள். பத்துக் குச்சியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பக்கத்தில் மூன்று உதிரிக் குச்சி வைத்துச் சொல்லவிடுங்கள்.

தமிழிலும் பொறி இருக்கிறது. எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்துவிட்டு, அடுத்த பத்து “தொண்ணூறு” என்று நூறைக் காட்டி நிற்கும். 900-க்குப் போனால் “தொள்ளாயிரம்” என்று ஆயிரம். தொண்ணூற்று ஐந்தை 105 என்று எழுதிய பிள்ளைகள் என் வகுப்பில் வருடத்துக்கு மூன்று பேராவது உண்டு. அவர்கள் கேட்டதைத்தான் எழுதினார்கள்.

மூன்றாம் வகுப்புப் பெண்ணின் அம்மா, விழுப்புரம்: என் மகளை “அரும்பு” நிலையில் வைத்திருக்கிறார்கள். பெயில் மாதிரியா?

இல்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போனதை ஈடுகட்ட 2022 ஜூனில் “எண்ணும் எழுத்தும்” திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்று வரை உள்ள பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல், எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்துவது அதன் முறை. எட்டு வயதுக்குள் வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வர வேண்டும் என்பது நோக்கம். அரும்பில் இருப்பவர் அங்கேயே கிடக்க வேண்டியதில்லை, முன்னேற முன்னேற மாற்றுவார்கள். நீங்கள் வீட்டில் “அரும்பு” என்பதைத் திட்டும் சொல்லாக்கிவிடாதீர்கள். என் வகுப்பில் ஒரு பையனை அவன் அண்ணன் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவன் புத்தகத்தையே தொட மறுத்தான்.

ஒரு அப்பா, நாமக்கல்: கூட்டும்போது விரல் விட்டு எண்ணுகிறான். நிறுத்துவது எப்படி?

நிறுத்தாதீர்கள். கடவுள் கொடுத்த மணிச்சட்டம் அது.

ஒரு அம்மா, மதுரை: விரல் விடாமல் கணக்குப் போட...

மேலே பாருங்கள், அம்மா. விரலைப் பிடுங்கினால் பிள்ளை மேஜைக்குக் கீழே மறைத்து எண்ணும், இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஐந்தையும் மூன்றையும் கூட்ட, ஒன்றிலிருந்து தொடங்காமல் “ஐந்து” என்று மனதில் வைத்து ஆறு, ஏழு, எட்டு என்று மேலே எண்ணக் கற்றுக்கொடுங்கள். விரல் தானாகக் குறையும்.

மூன்றாம் வகுப்பு, திருச்சி: 42-இல் 17 போனால் 35 என்கிறான். எத்தனை முறை சொன்னாலும்.

7-இல் 2-ஐக் கழித்திருக்கிறான். பெரியதிலிருந்து சிறியதை எடு என்று யாரோ சொல்லிக்கொடுத்த பழக்கம். “கடன் வாங்கு” என்பதை விட்டுவிட்டு நான்கு பத்துக்கட்டும் இரண்டு குச்சியும் அவன் கையில் கொடுத்து, “எனக்குப் பதினேழு தா” என்று கேளுங்கள். ஏழு கொடுக்க முடியாமல் அவனே ஒரு கட்டை அவிழ்ப்பான். புத்தகத்தில் வரும் “இனமாற்றம்” என்பது அந்த ரப்பர் பேண்டை அவிழ்ப்பதுதான். கொஞ்ச நாள் அவிழ்த்த பிறகு நோட்டுக்கு வாருங்கள்.

ஒரு அம்மா, காஞ்சிபுரம்: தாத்தா “லை”யைத் துதிக்கை போட்டு எழுதிக் காட்டுகிறார். மிஸ் தப்பு என்கிறார்.

இரண்டு பேரும் சரி. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தில் லை, ளை, னை, ணை இப்போதைய வடிவத்துக்கு வந்தன. தாத்தா அதற்கு முன்னால் படித்தவர். குழந்தை எழுத வேண்டியது புதியதை. பழையதைத் தாத்தாவிடம் கதையாகக் கேட்கட்டும்.

ஒரு அப்பா, வேலூர்: 3-ஐத் திருப்பி எழுதுகிறான், ஐந்தரை வயது. பயமாக இருக்கிறது.

இந்த வயதில் சகஜம். இரண்டாம் வகுப்பு முடிந்தும் தொடர்ந்தால், வாசிப்பிலும் சிரமம் தெரிந்தால், வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். நான் ஆசிரியை, மருத்துவர் இல்லை. இதற்குமேல் சொல்லக் கூடாது.

ஒரு அம்மா, சேலம்: பக்கத்து ஃபிளாட் பெண் இப்போதே 200 வரை...

அம்மா, புளியங்கொட்டை.

ஒரு அப்பா: தனியார் பள்ளியில் 25 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது?

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒன்றாம் வகுப்புப் பையனின் அம்மா, ஓசூர் (மறுபடி): கொட்டை வைத்துப் பார்த்தேன் டீச்சர். பரப்பியதும் “ஒன்பது” என்றான்! நாளைக்கு நூறு குச்சி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஐஸ் குச்சி வாங்கவா, தீக்குச்சி போதுமா?

தீக்குச்சி வேண்டவே வேண்டாம். ஐஸ் குச்சிக்குக் காசு செலவழிக்காதீர்கள். தென்னை விளக்குமாற்றுக் குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து, முனையைத் தரையில் தேய்த்துக் கொடுங்கள். கூடவே பத்து ரப்பர் பேண்டும் போட்டு அனுப்புங்கள். வகுப்பில் எப்போதும் தீர்ந்துபோவது அதுதான்.