பி.எஸ்.எல்.வி. ராக்கெட் பறக்கும்போதே தன் பாகங்களை ஏன் கழற்றிவிடுகிறது?

எரிபொருளும் அதை எரிக்கும் எந்திரமும் சேர்ந்த பகுதிக்கு அடுக்கு என்று பெயர். சுமார் 44 மீட்டர் உயரமும் 320 டன் எடையும் கொண்ட பி.எஸ்.எல்.வி.யில் நான்கு அடுக்குகள் உள்ளன. அந்த எடையில் பெரும்பகுதி எரிபொருளே என்பதால், ஓர் அடுக்கில் அது தீர்ந்த பின்னும் அந்த அடுக்கின் வெறும் கூட்டைச் சுமந்து செல்வது மற்ற அடுக்குகளில் மிச்சமிருக்கும் எரிபொருளை வீணாக்கும். கடலூர்த் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகு, காலியான டீசல் கேன்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறது (காசு கொடுத்து வாங்கியதை யார் கடலில் வீசுவார்?), அவற்றின் எடையைக் கடல் தாங்கிக்கொள்கிறது. ராக்கெட்டுக்கோ அப்படித் தாங்குவதற்கு எதுவும் இல்லை, ஒவ்வொரு கிலோவையும் அது தானே தூக்க வேண்டும். கழன்ற கீழ் அடுக்குகள் கடலில் விழுகின்றன.

உயரே செல்வதற்கே எரிபொருள் முழுவதும் தீர்கிறது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அதன் பெரும்பங்கு, செயற்கைக்கோள் கீழே விழாமல் பூமியைச் சுற்றுவதற்குத் தேவையான, நொடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் என்ற பக்கவாட்டு வேகத்தை எட்டவே செலவாகிறது.