நீட் கணக்குகளும் கூற்று–காரணமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 180 கேள்வி, 180 நிமிடம். எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது? பழைய வினாத்தாள்களை எப்படிப் பயன்படுத்துவது?
– பிளஸ் டூ மாணவி, தருமபுரி

பதில்: உயிரியலை முதலில் எடுங்கள். அதன் 90 கேள்விகளை 45 முதல் 50 நிமிடத்துக்குள் முடிக்கும் பழக்கம் வந்துவிட்டால், வேதியியலுக்கு 50 நிமிடமும் இயற்பியலுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலும் கிடைக்கும். மீதியை, விட்டுவைத்த கேள்விகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஓ.எம்.ஆர். தாளைக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று இருந்துவிடாதீர்கள். வினாத்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை அப்போதே நிரப்பிவிட வேண்டும்.

பழைய வினாத்தாள்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2021 முதல் 2024 வரை 200 கேள்விகளில் 180-க்கு விடையளித்தால் போதும் என்ற சலுகை இருந்தது. 2022 முதல் 20 நிமிடம் கூடுதலாகவும் கிடைத்தது. 2025-இல் இரண்டும் போய்விட்டன. எனவே அந்த ஆண்டுகளின் தாள்களைப் போட்டுப் பார்க்கும்போது ஒவ்வொரு பிரிவிலும் பிடிக்காத ஐந்து கேள்விகளை விட்டுவிடும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளாமல், எல்லாவற்றையும் முயன்று பாருங்கள்.

கேள்வி: தெரியாத கேள்விக்கு உத்தேசமாக விடை குறிக்கலாமா? நெகடிவ் மார்க் இருப்பதால் தொடவே கூடாது என்கிறார்கள்.
– ரிப்பீட்டர் மாணவர், திருநெல்வேலி

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண் கிடைக்கும். ஒரு விடையைக் காரணத்தோடு நீக்கிவிட்டால் சராசரி முக்காலுக்குச் சற்றுக் குறைவு. இரண்டை நீக்கிவிட்டால் ஒன்றரை. ஆகவே இரண்டை நீக்கிய பிறகும் குறிக்காமல் வருவது நட்டம். ஆனால் 40 கேள்விகளைக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரி 10 வரும் என்றாலும், உள்ளதும் குறைந்து மைனஸுக்குப் போகும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. நீக்குவதற்குக் காரணம் வேண்டும். "போன கேள்விக்கும் சி-தான் வந்தது" என்பது காரணம் ஆகாது.

கேள்வி: ஒரு பொருள் சாய்தளத்தில் சறுக்கி வருகிறது. கீழே வர எவ்வளவு நேரம் ஆகும்? விடை உடனே தேவை.
– பெயர், ஊர் இல்லை

பதில்: சாய்தளத்தின் நீளம் என்ன? கோணம் என்ன? உராய்வு உண்டா? பொருள் ஓய்விலிருந்து புறப்பட்டதா? இவற்றில் ஒன்றையும் எழுதாமல் விடை கேட்டிருக்கிறீர்கள். என்ன தரப்பட்டிருக்கிறது, என்ன கேட்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து எழுதவே பொறுமை இல்லாதவர், தேர்வறையில் அதே கேள்வியை எப்படி வாசிப்பார் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. முழுக் கேள்வியையும் அலகுகளோடு எழுதி அனுப்புங்கள். எழுதும்போதே பாதி விடை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: என் மகள் ஓராண்டில் இயற்பியலில் மட்டும் ஐயாயிரம் கணக்குகளுக்கு மேல் முடித்துவிட்டாள். தீர்வு விளக்கும் காணொளிகளையும் தவறாமல் பார்க்கிறாள். ஆனாலும் மாதிரித் தேர்வில் 180-க்கு 70-ஐத் தாண்டவில்லை. இன்னும் எத்தனை கணக்குப் போட வேண்டும்?
– ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: ஊரும் எண்ணும் மாறுகின்றனவே தவிர, இதே கடிதம் எனக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. ஐயா, முதலில் நீங்கள் உங்கள் மகளிடம் கேட்க வேண்டியது, "முடித்தேன்" என்பதற்கு அவர் என்ன பொருள் கொள்கிறார் என்பதைத்தான். கணக்கை வாசித்து, இரண்டு நிமிடம் யோசித்து, வழி பிடிபடாமல் தீர்வைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டி, "புரிந்துவிட்டது" என்று டிக் அடித்திருந்தால், அந்தக் கணக்கைப் போட்டவர் தீர்வை எழுதியவரே அன்றி உங்கள் மகள் அல்லர். நீச்சல் தெரிந்தவரைக் கரையில் நின்று பார்த்தவர் நீந்தக் கற்றுக்கொண்டதாக யாரும் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு 150 கணக்கு என்று இலக்கு வைத்து, மறுநாள் காலையில் அத்தனைக்கும் பலகையில் விடை எழுதிப் போடும் வகுப்புகள் இந்தப் பழக்கத்தைத்தான் பிள்ளைகளுக்கு ஊட்டுகின்றன. 150 கணக்கை யோசித்துப் போடுவதற்கு ஒரு நாளில் நேரமே கிடையாது என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். மகளிடம் தீர்வு இல்லாமல் கொடுத்துப் பாருங்கள். வழவழப்பான தரையில் 4 கிலோ கட்டை. அதன் மேல் 2 கிலோ கட்டை. இரண்டுக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.5, கீழ்க்கட்டையைக் கிடையாக 12 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். மேற்கட்டையின் மீது செயல்படும் உராய்வு விசை எவ்வளவு? தீர்வுகளைப் பார்த்துப் பழகியவர்கள் உடனே குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கி 10 நியூட்டன் என்று எழுதுவார்கள். அது சரியானால் மேற்கட்டையின் முடுக்கம் 5, கீழ்க்கட்டையின் முடுக்கம் 0.5 என்று வரும். இழுக்கப்படும் கட்டையை விட அதன் மேல் சும்மா இருக்கும் கட்டை வேகமாக ஓடுகிறது என்றாகிறது! உண்மையில் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. மொத்த முடுக்கம் 2. மேற்கட்டைக்குத் தேவைப்படும் உராய்வு 4 நியூட்டன் மட்டுமே. 10 என்பது அது எட்டக்கூடிய உச்ச வரம்பு. இந்தத் தீர்வை வாசிக்க அரை நிமிடம் போதும். ஆனால் 10 என்று எழுதி, முடுக்கங்களைக் கண்டுபிடித்து, அது நடக்க முடியாதது என்று தானே உணர்ந்து திரும்பி வந்த மாணவி, நிலை உராய்வு தேவைக்கேற்ப மாறும் என்பதை மறக்கவே மாட்டார்.

ஆகவே என் யோசனை, எண்ணிக்கையைக் குறையுங்கள் என்பதே. ஒவ்வொரு கணக்குக்கும் படம் வரையட்டும், விசைகளைக் குறிக்கட்டும், அலகை எழுதட்டும். வழி தெரியாவிட்டால் குறைந்தது பத்து நிமிடம் முட்டி மோதட்டும். அதன் பிறகும் வராவிட்டால் தீர்வின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும். முழுத் தீர்வையும் பார்க்க நேர்ந்த கணக்கை மூன்று நாள் கழித்து வெற்றுத்தாளில் மறுபடி போட வேண்டும்; அப்போதும் வரவில்லை என்றால் அது முடிந்த கணக்கு அல்ல. கூடவே ஒரு பிழை நோட்டு வைத்து, தவறிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள்: கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லையா, எந்த விதி பொருந்தும் என்று தெரியவில்லையா, கூட்டல் பெருக்கலில் தவறா, விடை தெரிந்தும் வட்டத்தை மாற்றி நிரப்பினாரா. ஒரு மாதத்தில் எந்தக் காரணம் அதிகம் வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். "கவனக்குறைவு" என்று எழுத அனுமதிக்காதீர்கள். எதைக் கவனிக்கவில்லை என்று எழுத வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் நேரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். ஐயாயிரம் கணக்குகளுக்குச் செலவான நேரத்தில் இது சிறு பகுதியே.

கேள்வி: கூற்று–காரணம் வகைக் கேள்விகளில் இரண்டும் சரி என்று தெரிந்தும் மதிப்பெண் போகிறது.
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

பதில்: இரண்டையும் சேர்த்து வாசிப்பதுதான் சிக்கல். முதலில் காரணத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கூற்று உண்மையா என்று முடிவு செய்யுங்கள். பிறகு கூற்றை மறைத்துக் காரணத்தைச் சோதியுங்கள். இரண்டும் உண்மை என்றால் மட்டுமே நடுவில் "ஏனெனில்" என்று போட்டு வாசிக்க வேண்டும். "வைரம் மின்சாரத்தைக் கடத்தாது, வைரம் மிகக் கடினமானது." இரண்டும் உண்மை, ஆனால் கடினத்தன்மை கடத்தாமைக்கு விளக்கம் அல்ல. காரணத்தில், ஒவ்வொரு கார்பனின் நான்கு இணைதிற எலக்ட்ரான்களும் பிணைப்பில் ஈடுபட்டிருக்கின்றன என்று இருந்தால் அது விளக்கம்.

கூற்றுகளில் "எல்லா", "ஒவ்வொரு", "மட்டும்", "எப்போதும்" போன்ற சொற்கள் வந்தால் அடிக்கோடிட்டு நிறுத்தி வாசியுங்கள். 2024 தேர்வில், ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்கின்றன என்று ஒரு கூற்று இருந்தது. கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலையானவை அல்ல என்பதால் அது தவறு. ஆனால் பழைய என்.சி.இ.ஆர்.டி. பதிப்பில் அவ்வாறே அச்சாகியிருந்ததால் இரண்டு விடைகளுக்கு மதிப்பெண் தரப்பட்டது. உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி. வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டது. ஒரே விடைதான் சரி என்று அவர்கள் கூறினர். ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது. முதலிடத்தில் இருந்த 61 பேர் 17 ஆனார்கள். பாடநூல் வரியை மனப்பாடமாக வைத்திருந்தவர்களை விட, "ஒவ்வொரு" என்ற சொல்லில் நின்று யுரேனியத்தை நினைத்தவர்கள் பாதுகாப்பாக இருந்தார்கள்.

கேள்வி: அப்படியானால் என்.சி.இ.ஆர்.டி. புதிய பதிப்பா, பழையதா? மாநிலப் பாடநூல் போதாதா?
– ஆசிரியர், கரூர்

பதில்: புதிய பதிப்பு. மாநிலப் பாடநூலின் கணக்குகள் நல்ல பயிற்சி, விட வேண்டாம்.

கேள்வி: கால்குலேட்டர் இல்லாமல் கணக்கிடுவதில்தான் என் நேரம் எல்லாம் போகிறது.
– மாணவர், கடலூர்

பதில்: பெருக்கத் தொடங்கும் முன் நான்கு விடைகளையும் பாருங்கள். அவை 2, 4, 8, 16 என்று விலகி நின்றால் தோராயம் போதும், 4.1, 4.2 என்று நெருங்கி நின்றால் மட்டுமே துல்லியம் தேவை. ஈர்ப்பு முடுக்கம் 10, பை வர்க்கமும் ஏறத்தாழ 10 என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் ஊசலின் அலைவுக்காலம் 2 நொடி என்று மனத்திலேயே வந்துவிடும். முதல் வகை வினை 99.9 சதவீதம் முடிய எவ்வளவு நேரம் என்று கேட்டால் 2.303-ஐத் தேடிப் போக வேண்டாம். மீதி ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டின் பத்தாம் அடுக்கு 1024, ஆகவே பத்து அரை ஆயுட்காலம். எண்களை முதல் வரியிலேயே நிரப்பாமல் குறியீடுகளாகவே கடைசி வரை கொண்டுபோனால் பாதி எண்கள் அடிபட்டுப் போகும். அலகை எழுதுங்கள், சென்டிமீட்டரும் மீட்டரும் கலந்து வரும் தவறு, பெருக்கல் தவறை விட அதிகம் மதிப்பெண் தின்கிறது.

கேள்வி: பெற்றோர் இருவருக்கும் நோய் இல்லை, மகனுக்கு ஆட்டோசோம் ஒடுங்கு நோய் இருக்கிறது. நலமாக உள்ள அவன் தங்கை கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 1/2 என்று போட்டேன். விடைத்தாளில் 2/3 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?
– மாணவி, தஞ்சாவூர்

பதில்: அச்சுப்பிழை அல்ல. பெற்றோர் இருவரும் கடத்திகள், அதாவது தமக்கு நோய் இல்லாமலே நோய்க்கான மரபணு ஒன்றைச் சுமப்பவர்கள். பிள்ளைக்கு நான்கு சம வாய்ப்புகள் உண்டு. தங்கை நலமாக இருக்கிறாள் என்று கேள்வியே சொல்லிவிட்டதால், நோயுள்ள வாய்ப்பு அடிபட்டு மூன்றுதான் மிஞ்சுகின்றன. அவற்றில் இரண்டு கடத்தி. "நலமாக உள்ள" என்ற தகவலை நீங்கள் பயன்படுத்தவே இல்லை. பெடிகிரி எனும் வம்சாவளிப் படங்களிலும் இதையே செய்யுங்கள்: நலமான பெற்றோருக்கு நோயுள்ள பிள்ளை என்றால் முதலில் ஒடுங்கு பண்பு என்று எழுதுங்கள், அந்தப் பிள்ளை மகளாகவும் தந்தை நலமாகவும் இருந்தால் எக்ஸ் குரோமோசோம் ஒடுங்கு பண்பாக இருக்க முடியாது, ஏனென்றால் மகளுக்கு ஒரு எக்ஸ் தந்தையிடமிருந்துதான் வந்தாக வேண்டும்.

கேள்வி: தமிழ் வழியில் எழுதுகிறேன். தமிழ்க் கேள்வி குழப்பமாக இருந்தால் என்ன செய்வது?
– அரசுப் பள்ளி மாணவர், ராமநாதபுரம்

பதில்: உங்கள் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் இருக்கும், ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. 2018-இல் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தவறு என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது; உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நீதிமன்றத்தை நம்பித் தேர்வு எழுத முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் 200 கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். தமிழில் படித்ததால் உங்கள் சிந்தனைக்கு எந்தக் குறையும் இல்லை. தேர்வுத்தாளின் குறைக்கு நீங்கள் மதிப்பெண் இழக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: ஜே.இ.இ. அட்வான்ஸ்டு கணக்குகளையும் போட வேண்டுமா?
– மாணவர், சேலம்

பதில்: வேண்டாம். 2025 இயற்பியல் தாள் கடினமாக இருந்ததைப் பார்த்துப் பயந்தவர்கள், நீட் பாடத்திட்டத்துக்குள் வரும் ஜே.இ.இ. மெயின் கணக்குகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: லண்டனில் படிக்கும் என் மகன் அங்கே மருத்துவம் படிப்பதற்கான யூகேட் நுழைவுத் தேர்வை எழுதப் போகிறான். உருவங்களின் வரிசையைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு நூல் சொல்ல முடியுமா?
– ஒரு தாய், லண்டன்

பதில்: அந்தப் பகுதி 2025 முதல் நீக்கப்பட்டுவிட்டது; பழைய பயிற்சி நூல்களை வாங்கி ஏமாற வேண்டாம். வாசிப்புப் பகுதியில் 22 நிமிடத்தில் 44 கேள்விகள் என்பதால், பத்தி சொல்வதையும் தனக்குத் தெரிந்ததையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் முக்கியம்: பத்தியில் இல்லை என்றால், உலகறிந்த உண்மையாக இருந்தாலும் "சொல்ல முடியாது" என்பதே விடை. அங்கே நெகடிவ் மார்க் கிடையாது. ஒன்றையும் விடாமல் குறிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை மாதிரித் தேர்வு எழுதலாம்?
– ரிப்பீட்டர் மாணவி, ஈரோடு

பதில்: ஒன்று. கடைசி ஆறு வாரங்களில் இரண்டு. உண்மைத் தேர்வு நடக்கும் பிற்பகல் 2 முதல் 5 மணிக்குள், அச்சிட்ட ஓ.எம்.ஆர். தாளில், இடையில் எழுந்திருக்காமல் எழுதுங்கள். எழுதிய மூன்று மணி நேரத்துக்கு ஈடான நேரத்தை மறுநாள் பிழை நோட்டுக்கு ஒதுக்க முடியாவிட்டால், அந்த வாரம் தேர்வே எழுத வேண்டாம்.