உலகமயமும் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நீடாமங்கலம் பக்கம் அரசுப் பள்ளியிலும், பிறகு வட்டார வள மையத்தில் பயிற்றுநராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சார், நம் கல்விக் கொள்கையை உலக வங்கிதான் தீர்மானிக்கிறது என்கிறார்களே, நிஜமா? (திருவாரூர், கல்லூரி மாணவர்)

உத்தரவு போடுவதில்லை தம்பி, கடனோடு நிபந்தனையும் வரும். 1980களில் கடனில் தவித்த ஆப்பிரிக்க நாடுகளிடம் செலவைக் குறைக்கச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் கட்டணம் வந்தது, ஏழைப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். கென்யாவில் 2003இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்த உடனேயே பத்து லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள் என்றால், அதுவரை வாசலில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

நம் நாட்டில் 1991 அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு, 1994இல் வெளிநாட்டு நிதியோடு மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. பெண் கல்வியறிவு தேசிய சராசரிக்குக் கீழே இருந்த மாவட்டங்களுக்கு முன்னுரிமை. தர்மபுரி, திருவண்ணாமலைக்குக் கிடைத்தது, தஞ்சைக்கு இல்லை. அந்தத் தேர்வு சரிதான் என்பேன்.

ஆனால் எல்லாமே வெளியிலிருந்து வந்தது என்று நினைக்காதீர்கள். செயல்வழிக் கற்றல் அட்டைகள் ஞாபகம் இருக்கிறதா? அது ஆந்திராவின் ரிஷி வேலியில் உருவான முறை, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவியது. நடவு சமயத்தில் அம்மாவோடு வயலுக்குப் போய் பத்து நாள் வராத ஒரு பையன், திரும்பி வந்ததும், பாடங்களை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் தான் விட்ட இடத்தை விரலால் தொட்டுப் பார்த்து, தட்டிலிருந்து அதே படம் போட்ட அட்டையைத் தானே எடுத்து உட்கார்ந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. அதைப் பார்த்த அன்றுதான் அந்த முறையில் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

என் பெண்ணை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கட்டுமா ஐயா? அவள் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். (கும்பகோணம், ஒரு அம்மா)

உங்கள் ஆசை நியாயமானது அம்மா. வேலை வெளிநாட்டில் இருக்கும்போது மொழி வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? அரசே 2012-13 முதல் நிறைய பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு திறந்ததற்கு இதுதான் காரணம். ஆனால் ஆங்கிலத்தை நன்றாகச் சொல்லிக் கொடுப்பது வேறு, புரியாத மொழியில் அறிவியல் படிக்க வைப்பது வேறு. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘போட்டோசிந்தசிஸ்’ (ஒளிச்சேர்க்கை) என்று எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினாள். நாற்றுக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன், “உரத்திலிருந்து சார்” என்றாள். அவள் வீட்டுக்குப் பின்னாலேயே வயல்! ஐந்தாவது வரை தமிழில் அடித்தளம், கூடவே தினமும் ஆங்கிலம் பேச, வாசிக்கப் பழக்கம், இதைத்தான் சொல்வேன்.

பீசா தேர்வில் தமிழ்நாடு தோற்றது உண்மையா? (மன்னார்குடி, ஆசிரியர்)

உண்மை. 15 வயதுப் பிள்ளைகளுக்கான அந்த உலகத் தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு, 74 இடங்கள் கொண்ட பட்டியலின் அடியில் வந்தன. அடுத்த சுற்றில் இந்தியா சேரவில்லை. கேள்விகள் நம் சூழலுக்கு ஒத்துவரவில்லை என்றார்கள், அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனாலும் புக் பேக் கேள்விக்கு மட்டும் பழகிய பிள்ளை, புதிய பத்தியைப் படித்து யோசிக்கத் திணறுகிறது என்பதை வகுப்பில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பட்டியலைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வந்தால் டெல்டாவுக்கு நன்மையா? (நாகப்பட்டினம்)

அவர்கள் இங்கே வளாகம் திறக்க 2023இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறை வந்துவிட்டது. முதலில் வந்தவர்கள் குஜராத்தின் நிதி நகரமான கிஃப்ட் சிட்டிக்குத்தான் போனார்கள். வேதாரண்யம் பிள்ளைக்கு அரசுக் கல்லூரியும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும்தான் கதி, அங்கே ஆசிரியர் காலியிடம் நிரம்பட்டும்.

அப்போ வளரும் நாடு மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் ஆகணுமா? (வலங்கைமான்)

இல்லை. ‘அனைவருக்கும் கல்வி’ என்று தாய்லாந்தின் ஜோம்தியனில் உலக நாடுகள் கூடிப் பேசியது 1990இல். நம் சத்துணவு 1982, அதற்கும் முன்னால் காமராஜர் காலத்து மதிய உணவு. வெளியிலிருந்து யாரும் சொல்லி வந்ததில்லை, பசியைப் பார்த்து நாமே செய்தது. கையில் சொந்த அனுபவம் இருந்தால் வெளியிலிருந்து வருவதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லலாம்.

உங்களுக்கும் இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குப் போய், மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.