கேபிள் ஓடும் வீட்டுக்கு எந்த மெஷ் வாங்கலாம்?

வாசகர் கேள்வி: எங்களுடையது மாடி வீடு. ஃபைபர் இணைப்புப் பெட்டி கீழே முன்னறையில் இருக்கிறது. வீடு கட்டும்போதே நான்கு அறைகளுக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்துச் சுவரில் சாக்கெட் வைத்துவிட்டோம். டிவியும் மேசைக் கணினியும் அதில்தான் ஓடுகின்றன, குறை இல்லை. ஆனால் மாடியில் பின்பக்க அறைகளுக்கு வைஃபை எட்டவே இல்லை. மெஷ் (வீட்டில் பல இடங்களில் பெட்டி வைத்து ஒரே வைஃபையாகப் பரப்புவது) போடலாம் என்று விசாரித்தால், ட்ரை-பேண்ட் (மூன்று ரேடியோக்கள் உள்ள) மாடலில் மூன்று பெட்டிகள் வாங்கினால்தான் சரிவரும் என்கிறார் விற்பவர். விலை ஏகத்துக்கும் கூடுகிறது. அது தேவையா? இப்போது இருக்கும் கேபிளும், அறைக் கேபிள்களை ஃபைபர் பெட்டியோடு இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சும் வீணாகிவிடுமா?

பதில்: ட்ரை-பேண்ட் உங்களுக்குத் தேவையில்லை. விற்பவர் சொன்னது கேபிள் இல்லாத வீட்டுக்குப் பொருந்தும். உங்கள் வீட்டில் சுவருக்குள்ளேயே கேபிள் ஓடுகிறது. அதைப் பயன்படுத்துகிற மெஷ்ஷாகப் பார்த்து வாங்கினால் போதும்.

கேபிள் இல்லாத வீட்டில் மாடியில் இருக்கும் மெஷ் பெட்டி, கீழே இருக்கும் பெட்டியிடமிருந்து காற்று வழியாகத் தரவை வாங்கி, மறுபடியும் காற்று வழியாகவே உங்கள் போனுக்குத் தருகிறது. பெட்டிகளுக்கு இடையிலான இந்த இணைப்பைத்தான் பேக்ஹால் என்கிறார்கள். வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே ரேடியோ மாற்றி மாற்றிச் செய்யும்போது வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. அதற்கு அப்பால் இன்னொரு பெட்டி இருந்தால் அங்கே மறுபடியும் பாதி. ட்ரை-பேண்ட் பெட்டியில் மூன்றாவது ரேடியோவைப் பெரும்பாலும் இந்தப் பேக்ஹாலுக்கென்றே ஒதுக்கிவிடுவார்கள், கூடுதல் விலையில் பெரும்பகுதி அதற்குத்தான். அந்த வேலையைக் கேபிளிடம் கொடுத்துவிட்டால் மூன்றாவது ரேடியோவுக்குப் பெரிய வேலை இல்லை. சில மாடல்கள் அதைப் போன்களுக்குத் திறந்துவிடும், சிலவற்றில் சும்மாவே கிடக்கும். ஆக, கேபிளில் இணைத்த சாதாரண டூயல்-பேண்ட் மெஷ், காற்றில் இணைத்த ட்ரை-பேண்டை விட உங்களுக்கு நன்றாகவே ஓடும்.

மூன்று பெட்டிகள் வேண்டுமா என்பதும் சந்தேகம்தான். கீழே ஒன்று, மாடியில் பின்பக்கம் ஒன்று என்று தொடங்குங்கள். பெட்டி கூடினால் வைஃபையும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு மெஷ்களில் பல, எல்லாப் பெட்டிகளையும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் சேனலில்தான் ஓட்டுகின்றன. நெருக்கமாக வைத்தால் ஒன்றுக்கொன்று காத்திருந்துதான் பேச முடியும். கேபிளில் இணைத்த பெட்டிக்கு ஒரு வசதி உண்டு. கீழ்ப் பெட்டியின் சிக்னல் கிடைக்கும் பாதி வழியில் அதை நிறுத்தத் தேவையில்லை, வைஃபை எங்கே வேண்டுமோ அந்த அறையிலேயே வைக்கலாம்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் கேபிளைச் சோதித்துவிடுங்கள். ஒரு லேப்டாப்பை மாடி சாக்கெட்டில் செருகி, நெட்வொர்க் அமைப்புகளில் இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 1000 எம்பிபிஎஸ், அல்லது 1 ஜிபிபிஎஸ் என்றால் நிம்மதி. லேப்டாப்பும் சுவிட்சும் ஜிகாபிட்டாக இருந்தும் 100 என்று காட்டினால், பெரும்பாலும் எங்கோ ஒரு இழை விட்டுப்போயிருக்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு இழைகள் போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் சரியாக இருந்து நீலமோ பழுப்போ கழன்றிருந்தால், எந்தப் பிழையும் காட்டாமல் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும். டிவிக்கு 100 தாராளம், அதனால் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கும். சாக்கெட்டைத் திறந்து இழைகளை மறுபடி அழுத்திப் பொருத்தினாலே அநேகமாகச் சரியாகிவிடும். வயரிங் செய்பவரிடம் பஞ்ச் டவுன் கருவி இருக்கும், சில நிமிட வேலை.

கேபிளின் மேலுறையில் என்ன அச்சடித்திருக்கிறது என்றும் பாருங்கள். கேட் 5இ என்றிருந்தாலே போதும். 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும், 2.5 ஜிகாபிட்டும் ஓடும். கேட் 6 இருந்தால் நல்லது, அதற்காகச் சுவரை உடைக்க வேண்டாம். வெட்டிய நுனியைச் சுரண்டிப் பார்த்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியக் கம்பி. அது எளிதில் முறியும், தரக் கணக்கிலும் சேராது. ஓடும் வரை ஓடட்டும், ஆனால் புதிதாக இழுக்கும்போது முழுச் செம்பு கேட்டு வாங்குங்கள்.

மெஷ் பெட்டியில் நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். ஒவ்வொரு பெட்டியிலும் குறைந்தது இரண்டு ஈதர்நெட் போர்ட்டுகள் இருக்கின்றனவா? இரண்டும் ஜிகாபிட்தானா? மலிவு மாடல்கள் சிலவற்றில் இன்னும் 100 எம்பிபிஎஸ் போர்ட்டுதான், அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் வேகம் அச்சடித்திருந்தாலும். துணைப் பெட்டியில் ஒரே போர்ட் இருந்தால் அது பேக்ஹாலுக்கே போய்விடும், அந்த அறையின் கணினிக்கு இடம் இருக்காது. அப்புறம், ஈதர்நெட் பேக்ஹால் உண்டு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வைஃபை 6 போதும். 6இ-யும் 7-ம் பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானதுதான், ஆனால் சுவரைக் கண்டால் 5 கிகாஹெர்ட்ஸை விடவும் சோர்ந்துபோகும். அறைக்கு ஒரு பெட்டி வைப்பவர்களுக்கு அது.

இனி சுவிட்ச். அது வீணாகாது, ஆனால் எதற்குப் பின்னால் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இப்போது அது ஃபைபர் பெட்டியிலிருந்து நேராக வருகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு மெஷ்ஷை ரவுட்டராக ஓட்டினால் வீட்டில் இரண்டு நெட்வொர்க்குகள் உருவாகும். கேபிளில் இருக்கும் டிவியும் கணினியும் ஒன்றில், போன்கள் எல்லாம் இன்னொன்றில். இணையம் இரண்டிலும் வரும், அதனால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பப் பார்த்தால் டிவி பட்டியலிலேயே இருக்காது. பிரிண்டரும் அப்படியே.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள். ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றிவிட்டு, ஃபைபர் பெட்டி, அடுத்து முதன்மை மெஷ் பெட்டி, அதற்கு அடுத்து சுவிட்ச், அதிலிருந்து எல்லா அறைகளும் என்ற வரிசையில் இணைப்பது ஒன்று. ஃபைபர் பெட்டியையே ரவுட்டராக விட்டு, மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் முறையில் (ரவுட்டர் வேலை இல்லாமல் வைஃபை மட்டும் தரும் முறை) ஓட்டுவது மற்றொன்று. ஃபைபர் பெட்டியிலேயே வீட்டுத் தொலைபேசியோ டிவி சேவையோ வருகிறதென்றால் இரண்டாவது வழிதான் வம்பில்லாதது. அதில் மெஷ் செயலியின் குழந்தைகள் கட்டுப்பாடு போன்ற சில வசதிகள் வேலை செய்யாமல் போகலாம். சில மாடல்களில் இந்த முறைக்குப் போனால் துணைப் பெட்டிகளே இணையாது என்பதால், வாங்குமுன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள்.

ஒரே பெட்டிக்கு ஒரே சுவிட்சிலிருந்து இரண்டு கேபிள்கள் போகக்கூடாது. இது நானே பட்டது. போர்ட் காலியாக இருக்கிறதே என்று உபரிக் கேபிளையும் செருகினேன். கொஞ்ச நேரத்தில் சுவிட்சின் விளக்குகளெல்லாம் ஒருசேர வெறிபிடித்த மாதிரி மின்ன, வீடு முழுக்க இணையம் நின்றது. தரவு வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்து வழியை அடைத்துவிட்டது. காரணம் புரியாமல் ஃபைபர் நிறுவனத்துக்குப் போன் செய்து அவர்களைத் திட்டியது தனிக்கதை.

சரி, மெஷ்தான் வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். எல்லா அறைக்கும் கேபிள் இருக்கும் வீட்டுக்கு, கூரையில் பொருத்தும் ஆக்சஸ் பாயின்ட்டுகளே இன்னும் பொருத்தமானவை. பிஓஇ சுவிட்ச் ஒன்று இருந்தால் அதே கேபிளில் மின்சாரமும் போய்விடும், அடாப்டர் தேவையில்லை. அமைப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவே.

அதைவிடச் சிக்கனமான ஒன்றை முதலில் செய்து பாருங்கள். அலமாரியில் பழைய ரவுட்டர் கிடந்தால் எடுங்கள். அதன் முகவரியை ஃபைபர் பெட்டியின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, டிஎச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி ஒதுக்கும் வசதி) அணைத்து, அதே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, வேறு சேனல் வைத்து, மாடி சாக்கெட்டிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் (LAN) போர்ட்டில் செருகுங்கள், வேன் (WAN) போர்ட்டில் அல்ல. பின்பக்க அறைகளுக்கு வைஃபை வந்துவிடும். மாடிப்படி ஏறும்போது எந்தப் பெட்டிக்கு மாறுவது என்பதைக் கடைசியில் போன்தான் முடிவு செய்கிறது. 802.11கே, 802.11வி என்ற வைஃபை தரங்கள் உள்ள மெஷ் அதற்கு வழிகாட்டும், பழைய ரவுட்டர் காட்டாது. பேசிக்கொண்டே மாடி ஏறும்போது அழைப்பு தடுமாறுவது உங்களுக்குத் தொல்லையாகத் தெரிந்தால் மட்டும் மெஷ் வாங்குங்கள்.

வாங்கினால், துணைப் பெட்டியை முதன்மைப் பெட்டியின் பக்கத்திலேயே வைத்து இணைத்துவிட்டு அப்புறம் மாடிக்குக் கொண்டுபோங்கள். கேபிளைச் செருகியதும் செயலியைத் திறந்து, அந்தப் பெட்டி கேபிளில் இணைந்திருப்பதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். கேபிள் சரியாகச் செருகாவிட்டால் மெஷ் புகார் செய்யாது, சத்தமில்லாமல் காற்றுவழிக்கு மாறிவிடும்.